குடையைத் திரும்ப எடுக்கும் நேரம்



இந்த இதழின் மருத்துவப் பாடத்தில் பக்கவாதத்தைப் பற்றியும், அதைத் தடுப்பதற்காகக் கழுத்து இரத்தக்குழாயில் ஸ்டென்ட் வைக்கும்போது பயன்படும் ஒரு சிறு குடையைப் பற்றியும் எழுதுகிறோம். நாங்கள் மருத்துவர்கள் அல்லர். வார்டுகளில் நோயாளிகளைச் சந்திக்கிற ஊழியர்கள். ஆனாலும் சம்மதப் படிவத்தில் கையெழுத்திடுமுன், "ஐயா, டாக்டர் சொன்னது என்னன்னு கொஞ்சம் நம்ம பேச்சுல சொல்லுங்க" என்று கேட்கிற குடும்பங்கள் பல. அப்படிக் கேட்ட ஒரு குடும்பத்துக்காக நாங்கள் மருத்துவர்களிடம் கேட்டுக் கற்றுக்கொண்டதையே இங்கே தருகிறோம். அவர்கள் அனுமதியோடு எழுதுகிறோம். பெயரும் ஊரும் சொல்லவில்லை.

1. மண்வெட்டி நழுவிய காலை

அவர் பாபநாசம் பக்கத்துச் சிற்றூர் விவசாயி. வயது 63. குறுவைக்கு வரப்பு வெட்டிக்கொண்டிருந்த ஒரு காலையில் வலது கையிலிருந்து மண்வெட்டி நழுவி விழுந்தது. குனிந்து எடுக்கப் பார்த்தார், விரல்கள் மடங்கவில்லை. பக்கத்து வயல்காரரைக் கூப்பிட வாயைத் திறந்தார், வார்த்தை வரவில்லை. பத்து நிமிடம் வரப்பிலேயே உட்கார்ந்திருந்தார். பிறகு எல்லாம் சரியாயிற்று. "வெயில்ல நின்னதுதான்" என்று சொல்லி, டீ குடித்துவிட்டு மறுபடியும் வேலையைத் தொடங்கினார்.

மூன்றாம் நாள் சாப்பிட்டுக்கொண்டிருக்கையில் இடது கண்ணுக்கு முன் மேலிருந்து திரை இறங்கினாற்போல் இருண்டது. ஐந்து நிமிடத்தில் அதுவும் தெளிந்தது. அவர் பொருட்படுத்தவில்லை. ஆனால் மருமகள், முந்தின நாட்களில் நடந்ததையும் சேர்த்து, நாளும் நேரமும் போட்டுத் தினசரிக் காலண்டர் தாளின் பின்புறம் எழுதி வைத்திருந்தார். அந்தத் தாளோடுதான் அவரை எங்கள் மருத்துவமனைக்கு அழைத்துவந்தார். வயிற்றில் பிள்ளையோடு பேருந்தில் வந்திருந்தார் அந்தப் பெண்.

தஞ்சைக்கு இப்படி எழுதிவைக்கும் பழக்கம் புதிதன்று. 1798 முதல் 1832 வரை ஆண்ட இரண்டாம் சரபோஜி மன்னர், தம் தன்வந்திரி மகாலில் கண் நோயாளிகளின் நோய்க்குறிப்புகளைக் கண்ணின் படத்தோடு பதிவு செய்யச் சொன்னார். அந்த ஏடுகளில் சில சரசுவதி மகால் நூலகத்தில் இன்னும் இருக்கின்றன. மன்னருடைய ஏட்டுக்கும் மருமகளுடைய காலண்டர் தாளுக்கும் நோக்கம் ஒன்றே: வைத்தியர் பார்க்காத நேரத்தில் நடந்ததை வைத்தியருக்குக் காட்டுவது.

மருத்துவர் தாளைப் படித்துவிட்டு, "வலது கை, பேச்சு, இடது கண்" என்று மூன்றையும் விரல் மடக்கி எண்ணினார். மூளையின் இடது பாதி உடலின் வலது பக்கத்தை ஆளுகிறது. பெரும்பாலோருக்குப் பேச்சும் இடது பாதியில்தான். இடது கண்ணுக்கு இரத்தம் கொடுக்கும் கிளையோ இடது கழுத்துக் குழாயிலிருந்தே பிரிகிறது. மூன்றையும் கூட்டினால் இடது கழுத்தில் கோளாறு என்று விடை வருகிறது. ஸ்கேனில் அந்தக் குழாய் நூற்றுக்கு எண்பது பங்கு அடைபட்டிருப்பது தெரிந்தது.

சில நிமிடங்களில் தானே சரியாகிற இந்த நிலையைச் சிறு பக்கவாதம் என்கிறார்கள். பெயரில்தான் சிறியது. பெரிய பக்கவாதம் தொடர்ந்து வருவதற்கான ஆபத்து முதல் சில நாட்களில்தான் மிக அதிகம். வலி இல்லாததால் நம் மக்கள் இதை வெயில் என்றும் பித்தம் என்றும் சொல்லி விட்டுவிடுகிறார்கள்.

2. கல்லணையும் கழுத்தும்

நம் டெல்டாக்காரர்களுக்கு இதைச் சொல்லப் படம் தேவையில்லை. கல்லணையில் ஒரே நீர் காவிரி, வெண்ணாறு, கல்லணைக் கால்வாய், கொள்ளிடம் என்று பிரிகிறது. அதேபோல் கழுத்தின் இரு பக்கமும், தாடைக்குச் சற்றுக் கீழே, கரோடிட் என்னும் பெரிய தமனி இரண்டாகப் பிரிகிறது. வெளிக்கிளை முகத்துக்கும் தலைத்தோலுக்கும் போகிறது. உட்கிளை மூளைக்கும் கண்ணுக்கும் போகிறது. உட்கிளையின் அகலம் ஏறத்தாழ 5 மில்லிமீட்டர்தான்.

ஆறு பிரிகிற இடத்தில் ஓட்டம் ஒரு பக்கம் வேகமாகவும் மறுபக்கம் மந்தமாகவும் இருக்கும்; மந்தமான பக்கத்தில் வண்டல் படியும். கழுத்திலும் பிரிவு முனையில்தான் கொழுப்பும் சுண்ணாம்பும் சேர்ந்து படிகின்றன. இரத்த அழுத்தம், சர்க்கரை, கெட்ட கொழுப்பு, புகையிலை ஆகிய நான்கும் இந்தப் படிவை வளர்ப்பவை.

பலர் நினைப்பதுபோல் ஓட்டம் குறைவது மட்டும் ஆபத்தல்ல. படிவின் மேல்தோல் வெடித்தால் அதிலிருந்து துகள்களும், அதன்மேல் உறைந்த இரத்தக் கட்டிகளும் பெயர்ந்து மேலே மிதந்து செல்கின்றன. வாய்க்கால் சிறுத்துக்கொண்டே போகிறபடியால் ஏதோ ஓரிடத்தில் போய் அடைத்துக்கொள்கின்றன. அதற்கு அப்பாலுள்ள மூளைப்பகுதி காய்ந்த வயலாகிறது. நம் விவசாயியின் கையையும் பேச்சையும் பத்து நிமிடம் பறித்தது அப்படிப்பட்ட ஒரு துகள். அது கரைந்ததால் பிழைத்தார்.

3. அறுவையா, ஸ்டென்டா?

கழுத்துக் குழாயின் நோய்க்கும் பக்கவாதத்துக்கும் உள்ள தொடர்பை 1951இல் கனடாவின் மில்லர் ஃபிஷர் என்ற மருத்துவர் தெளிவாக எடுத்துக் காட்டினார். 1953இல் அமெரிக்காவில் மைக்கேல் டிபேக்கி கழுத்தைத் திறந்து படிவைச் சுரண்டி எடுத்தார். 1954இல் லண்டனில் ஈஸ்ட்காட் குழுவினர் அடைபட்ட பகுதியை வெட்டி இணைத்தனர். நம் நாட்டில் மூளை நரம்பு அறுவைச் சிகிச்சைக்கு முதல் துறையை 1949இல் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் டாக்டர் ஜேக்கப் சாண்டி தொடங்கினார். அடுத்த ஆண்டே சென்னைப் பொது மருத்துவமனையில் டாக்டர் பி. ராமமூர்த்தி அப்பணியைத் தொடங்கினார்.

கழுத்து அறுவையால் உண்மையிலேயே பயன் உண்டா என்ற கேள்விக்கு 1991இல் வட அமெரிக்க ஆய்வு ஒன்று விடை தந்தது. அறிகுறி தோன்றி, 70 சதவீதத்துக்கு மேல் அடைப்பு உள்ளவர்களில், மருந்து மட்டும் பெற்ற நூறு பேரில் 26 பேருக்கு இரண்டாண்டுகளில் அதே பக்கத்துப் பக்கவாதம் வந்தது. அறுவையும் செய்துகொண்டவர்களில் 9 பேருக்கே வந்தது.

கத்தியின்றிப் பலூனால் விரிக்கும் முறையை ஜெர்மனியின் கிளாஸ் மத்தியாஸ் 1979இல் கழுத்தில் முயன்றார். பின்னர் ஸ்டென்ட் என்னும் கம்பிவலைக் குழாய் வந்தது. இரண்டில் எது மேல்? 2010இல் வெளியான க்ரெஸ்ட் ஆய்வில் 2,502 பேர் பங்கேற்றனர். சிகிச்சையை ஒட்டிய நாட்களில் பக்கவாதம் ஸ்டென்ட் வைத்தவர்களில் 4.1 சதவீதம், அறுவை செய்தவர்களில் 2.3 சதவீதம். மாரடைப்பு ஸ்டென்டில் 1.1 சதவீதம், அறுவையில் 2.3 சதவீதம். ஏறத்தாழ 70 வயதுக்கு மேற்பட்டவர்களுக்கு அறுவையே நன்மையாக இருந்தது. ஆகவே எல்லாருக்கும் ஸ்டென்ட் என்பதும் தவறு. எல்லாருக்கும் அறுவை என்பதும் தவறு.

நம் விவசாயி வெற்றிலையும் புகையிலையும் போட்டவர். பல ஆண்டுகளுக்கு முன் வாய்ப்புற்று வந்து, கழுத்தில் கதிர்வீச்சுச் சிகிச்சை பெற்றவர். அப்படிப்பட்ட கழுத்தில் தோலும் தசையும் இறுகி ஒட்டிக்கொண்டிருக்கும். திறந்தால் ஆறுவது கடினம். எனவே அவருக்கு ஸ்டென்ட் என்று தீர்மானித்தார்கள். நம் மருத்துவமனையில் அதற்கான வசதி இல்லாததால் ஒரு பெரிய நகர மருத்துவமனைக்கு அனுப்பினார்கள். நாங்களும் உடன் சென்றோம்.

4. அந்த அம்மாள் கேட்ட கேள்வி

படிவத்தில் கைநாட்டு வைக்குமுன் அவர் மனைவி மருத்துவரிடம் ஒரு கேள்வி கேட்டார்: "அடைப்பை அழுத்தி விரிக்கப் போறீங்களே ஐயா, அது ஒடைஞ்சு தூள்தூளா மேல போயிடாதா?"

மருத்துவர் சிரித்து, "இந்தக் கேள்வியைத்தான் உலகத்து டாக்டரெல்லாம் பத்து வருஷம் கேட்டுக்கிட்டிருந்தாங்க அம்மா" என்றார்.

மேட்டூர் அணையை ஜூன் 12இல் திறப்பது வழக்கமென்பதால், அதற்கு முன்னே வாய்க்கால்களைத் தூர் வாருகிறோம். தூர் வாரும்போது சும்மா கிடந்த சேறும் ஆகாயத்தாமரையும் கிளறப்பட்டு ஓட்டத்தோடு கீழே போய் அடுத்த மதகை அடைக்கும். அந்த அம்மாளுக்கு அது தெரியும், ஆகவேதான் கேட்டார். கழுத்திலும் அதே கதைதான். பலூன் விரியும்போதும் ஸ்டென்ட் பதியும்போதும் துகள்கள் பெயர்கின்றன. ஸ்டென்ட் வைத்தபின் அதை மறுபடி பலூனால் அழுத்தும் கட்டத்தில் பெயர்வது அதிகம்.

1990இல் பிரான்ஸின் ஜாக் தெரோன், அடைப்புக்கு மேலே ஒரு சிறு பலூனை ஊதி ஓட்டத்தை நிறுத்தி, கலங்கிய இரத்தத்தை உறிஞ்சி எடுக்கும் முறையைச் செய்து காட்டினார். அதில் துகள் போகாது. ஆனால் அந்த நேரம் முழுவதும் அக்குழாய் வழியாக மூளைக்கு இரத்தமும் போகாது. அதைத் தாங்காத நோயாளிகள் உண்டு. ஓட்டத்தை நிறுத்தாமல் துகளை மட்டும் தடுப்பதற்கே வடிகட்டிக் குடை வந்தது. நம் வாய்க்கால் மடையில் வைக்கும் மீன் பறியைப் போன்றது அது: நீர் போகும், மீன் தங்கும். ஸ்டென்டையும் வடிகட்டியையும் சேர்த்து அமெரிக்க அரசு முதன்முதலில் 2004இல் அனுமதித்தது.

அதே 2004இல் பிரான்ஸில் நடந்துகொண்டிருந்த ஓர் ஆய்வில், பாதுகாப்பின்றி ஸ்டென்ட் வைத்த 15 பேரில் 4 பேருக்கு முதல் 30 நாட்களுக்குள் பக்கவாதம் வந்தது. பாதுகாப்போடு வைத்த 58 பேரில் 5 பேருக்கு வந்தது. எண்ணிக்கை சிறியதானாலும், பாதுகாப்பில்லாமல் வைப்பதை அந்த ஆய்வில் நிறுத்திவிடும்படி எச்சரிக்கை வெளியிட்டார்கள்.

5. குடையை விரித்தல்

சிகிச்சைக்குச் சில நாட்கள் முன்பிருந்தே ஆஸ்பிரின், குளோபிடோகிரெல் என்ற இரு மாத்திரைகளும் கொடுக்கிறார்கள். தொடை இடுக்கில் மரக்க ஊசி போட்டு, அங்குள்ள தமனி வழியே மெல்லிய குழாயைக் கழுத்து வரை ஏற்றுகிறார்கள். இரத்தம் உறையாதிருக்க ஹெப்பாரின் கொடுக்கிறார்கள். பிறகு, ஒரு மில்லிமீட்டரில் மூன்றில் ஒரு பங்கு பருமனுள்ள கம்பியின் நுனியில், உறைக்குள் மடித்து வைத்த குடையை அடைப்பின் இடுக்கு வழியாக மெதுவாக மேலே அனுப்புகிறார்கள். அடைப்பைத் தாண்டி, மண்டையோட்டுக்குச் சற்றுக் கீழே, குழாய் நேராக இருக்கும் இடத்தில் உறையைக் கீழே இழுத்தால் குடை விரிந்து சுவரோடு பொருந்தும்.

குடையின் சட்டம் பெரும்பாலும் நிட்டினால் என்னும் உலோகக் கலவை. எப்படி மடக்கினாலும் பழைய வடிவுக்குத் திரும்பும் குணம் அதற்கு உண்டு. அதன் சவ்வில் ஏறத்தாழ நூறு மைக்ரான் அளவுள்ள துளைகள். அதாவது ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு. இரத்த அணுக்கள் தாராளமாகப் போகும். பெரிய துகள் போகாது.

நோயாளி விழித்தே இருக்கிறார். நம்மவரின் வலது கையில் குழந்தைகள் விளையாடும் ரப்பர் பொம்மை ஒன்றைக் கொடுத்திருந்தார்கள். "அமுக்குங்க பெரியவரே" என்றால் அது "கீச்" என்று கத்த வேண்டும். கத்தினால் இடது மூளை நன்றாக இருக்கிறதென்று பொருள். கதிர்வீச்சுத் தடுப்புக் கண்ணாடிக்கு இப்பால் அமர எங்களுக்கு அனுமதி கிடைத்தது. ஒலிபெருக்கி வழியாக அந்தச் சத்தம் வரும்போதெல்லாம் எங்களுக்கு மூச்சு வந்தது.

ஸ்டென்ட் இறங்கிப் பதிந்தது. பலூன் ஊதியபோது நாடித்துடிப்பு சட்டென்று குறைந்து, "தலை சுத்துதுங்க" என்றார். கழுத்துப் பிரிவில் இரத்த அழுத்தத்தை உணரும் நரம்பு முனைகள் இருக்கின்றன. அவற்றை அழுத்தினால் இப்படியாகும் என்பது மருத்துவர்களுக்குத் தெரியும். அட்ரோபின் ஊசி தயாராக இருந்தது. துடிப்பு திரும்பியது. திரையில் குழாய் அகலமாகத் தெரிந்தது. நாங்கள் வேலை முடிந்தது என்று எண்ணி எழுந்தோம். அருகிலிருந்த செவிலியர், "உட்காருங்க ஐயா, இன்னும் குடையை எடுக்கல" என்றார்.

6. குடையை எடுத்தல்

இந்தப் பாடத்தின் மையம் இதுதான்.

குடையை உள்ளேயே விட முடியாது. விட்டால் அதன்மேல் இரத்தம் உறைந்து, காக்க வந்ததே அடைப்பாகிவிடும். அதைச் சாதாரணமாக இழுக்கவும் முடியாது. விரித்த குடையைக் கம்பிக்கதவின் வழியாகப் பின்னோக்கி இழுத்துப் பாருங்கள். கம்பிகள் ஒவ்வொன்றிலும் மாட்டும். கழுத்தில் அந்தக் கம்பிக்கதவு இப்போதுதான் பதித்த ஸ்டென்ட். ஆகவே குடைக்கு ஒரு புது உறையைக் கம்பியின்மேல் ஏற்றி, ஸ்டென்டுக்குள்ளாக நுழைத்து, குடை வரை கொண்டுபோய், அங்கேயே மடக்கி உறைக்குள் வாங்கி, அதன்பின் வெளியே கொணர வேண்டும். இதில் மருத்துவர்கள் ஐந்து காரியங்களைக் கவனிப்பதாகச் சொன்னார்கள்.

முதலாவது, எடுக்குமுன் சாயம் செலுத்திப் படம் பார்ப்பது. சாயம் வேகமாக மேலே போனால் குடை நிறையவில்லை. தயங்கி நின்றால் குடை நிறைந்துவிட்டது என்றோ, குடை தொட்ட இடத்தில் குழாய்ச் சுவர் சுருங்கிக்கொண்டது என்றோ பொருள். சுருக்கமானால் பொறுத்திருப்பார்கள், தளர்த்தும் மருந்து கொடுப்பார்கள், பெரும்பாலும் குடையை எடுத்ததும் சரியாகும்.

இரண்டாவது, குடை நிறைந்திருந்தால் முதலில் உறிஞ்சுவது. குடைக்குக் கீழே தேங்கி நிற்கும் இரத்தத்திலும் துகள்கள் மிதக்கின்றன. அப்படியே குடையை மடக்கினால் தேங்கியதெல்லாம் ஒரே வீச்சில் மூளைக்குப் போகும். ஆகவே ஒரு மெல்லிய குழாயால் அந்தக் கலங்கலை ஊசிக்குழலில் இழுத்து எடுத்துவிட்டுப் பிறகே மடக்குகிறார்கள்.

மூன்றாவது, கம்பியை அசைக்காமல் பிடிப்பது. ஒருவர் உறையை ஏற்றும்போது இன்னொருவர் கம்பியை அப்படியே பிடித்திருக்க வேண்டும். கம்பி ஆடினால் குடை மேலும் கீழும் உரசிச் சுவரைக் காயப்படுத்தும்.

நான்காவது, மடக்கும் அளவு. நிறைந்த குடையை முழுவதும் இறுக்கி உறைக்குள் திணித்தால், பிழிந்த துணியிலிருந்து சேறு வடிவதுபோல் துளைகள் வழியே துகள் வெளியேறலாம். எனவே சில நேரங்களில் வாயை மட்டும் மூடி, பாதி உறைக்குள்ளும் பாதி வெளியிலுமாகக் கொண்டுவருகிறார்கள். நிறைந்த பறியைத் தூக்குகிறவன் முதலில் வாயைத்தானே மூடுவான்!

ஐந்தாவது, மாட்டிக்கொண்டால் பலவந்தம் செய்யாதிருப்பது. வளைந்த குழாயில் ஸ்டென்டின் கம்பிக் கண்கள் உட்புறமாகத் துருத்தி நிற்கும். உறையின் நுனி அதில் இடிக்கும்.

நம்மவருக்கு அதுதான் நடந்தது. சாயம் சற்றுத் தயங்கியது. இரண்டு ஊசிக்குழல் அளவு இரத்தத்தை உறிஞ்சி எடுத்தார்கள். பிறகு உறை ஏறியது. ஸ்டென்டின் நடுவில் வந்து நின்றது. கொஞ்சம் பின்வாங்கி மறுபடி ஏற்றினார் மருத்துவர். அதே இடத்தில் நின்றது. சுழற்றி ஏற்றினார், நின்றது. அறையில் யாரும் பேசவில்லை. இடித்துத் தள்ளினால் ஸ்டென்ட் நகரலாம். இழுத்தால் குடை ஸ்டென்டில் சிக்கலாம். சும்மா இருந்தால் குடையில் இரத்தம் உறையலாம்.

மருத்துவர் கையை நிறுத்திவிட்டு நோயாளியிடம் பேசினார். "பெரியவரே, பொம்மையை அமுக்குங்க." கீச். "தலையை மெதுவா வலது பக்கம் திருப்புங்க. போதும். இப்ப எச்சில் முழுங்குங்க."

அவர் விழுங்கினார். திரையில் கழுத்துக் குழாய் ஒரு நூலிழை அளவு அசைந்தது. உறை அந்தக் கம்பியை விட்டு விலகி மேலே சென்றது.

தலையைத் திருப்பச் சொல்வதும், விழுங்கவோ ஆழ்ந்து மூச்சிழுக்கவோ சொல்வதும் இதற்குரிய முதல் உபாயங்கள். குழாயின் வளைவு மாறினால் உறையின் நுனியும் வேறு பாதையில் போகும். அதற்கும் மசியாவிட்டால் நுனி வளைந்த உறையை மாற்றிப் போடுவார்கள். கீழேயுள்ள பெரிய குழாயை ஸ்டென்ட் வரை ஏற்றித் தாங்கல் கொடுப்பார்கள். இடிக்கிற இடத்தைச் சிறு பலூனால் மீண்டும் சமப்படுத்துவார்கள். அபூர்வமாக, எதுவும் பலிக்காமல் கழுத்தைத் திறந்து எடுக்க நேர்வதும் உண்டு.

குடை வெளியே வந்ததும் உப்புநீரில் அலசி, வெள்ளைத் துணியில் வைத்து எங்களுக்குக் காட்டினார்கள். மஞ்சள் நிறத்தில் ஐந்தாறு துகள்கள். எல்லாம் சேர்ந்து ஒரு கடுகளவு இராது. ஒரு மனிதனுடைய வலது கையும் பேச்சும் அந்தக் கடுகில் இருந்தன.

7. குடை தடுக்காதவை

நண்பர்களிடம் நல்லதை மட்டும் சொல்லி நிறுத்துவது நியாயமல்ல. குடை விரியும்வரை பாதுகாப்பு இல்லை. குடையே அடைப்பைத் தாண்டும்போது துகளைப் பெயர்க்கலாம். நூறு மைக்ரானுக்குக் குறைந்த துகள் துளை வழியே போகும். சுவரோடு சரியாகப் பொருந்தாவிட்டால் பக்கவாட்டில் போகும். குடை வைத்த பின்பும் எம்.ஆர்.ஐ. படங்களில் மூளையில் புதிய சிறு புள்ளிகள் தோன்றுவதுண்டு. பெரும்பாலும் அவற்றால் வெளியே தெரியும் குறை வருவதில்லை. இதனால் சிலர், கீழேயே ஓட்டத்தை நிறுத்தியோ திருப்பியோ காக்கும் முறைகளை விரும்புகிறார்கள்.

சிகிச்சைக்குப் பின்னும் விழிப்பு வேண்டும். பல காலம் குறைந்த ஓட்டத்துக்குப் பழகிய மூளைக்குத் திடீரென்று வெள்ளம்போல் இரத்தம் பாய்ந்தால் கடும் தலைவலியும் வலிப்பும், சிலருக்கு இரத்தக் கசிவும் வரலாம். ஆகவே முதல் சில வாரங்கள் இரத்த அழுத்தத்தைக் கண்டிப்பாகக் கட்டுக்குள் வைக்கிறார்கள். இரண்டு மாத்திரைகளையும் குறைந்தது நான்கு வாரம் சேர்த்துச் சாப்பிட வேண்டும். மருத்துவர் சொல்லாமல் ஒன்றையும் நிறுத்தக் கூடாது.

அறிகுறி எதுவும் இல்லாமல், ஸ்கேனில் மட்டும் அடைப்பு தெரிகிறவர்களின் காரியம் வேறு. 2025 நவம்பரில் வெளியான க்ரெஸ்ட்-2 ஆய்வில், அப்படிப்பட்டவர்களில் மருந்து மட்டும் பெற்றவர்களுக்கு நான்காண்டுகளில் 6 சதவீதமும், மருந்தோடு ஸ்டென்டும் பெற்றவர்களுக்கு 2.8 சதவீதமும் பாதிப்பு நேர்ந்தது. வித்தியாசம் உண்டு, ஆனால் மருந்து மட்டும் பெற்ற நூறு பேரில் 94 பேர் அந்நான்கு ஆண்டுகளும் பாதிப்பின்றி இருந்தார்கள் என்பதையும் சேர்த்து எண்ண வேண்டும். அவசரப்படாமல் மருத்துவரோடு உட்கார்ந்து பேசித் தீர்மானிக்க வேண்டியது இது.

8. சபையார் நினைவில் வைக்க வேண்டியவை

முகம் ஒரு பக்கம் கோணுவது, ஒரு கை தளர்வது, பேச்சு குழறுவது, ஒரு கண் திடீரென்று இருள்வது: இவற்றில் ஒன்று வந்தாலும், ஐந்து நிமிடத்தில் சரியானாலும், அன்றைக்கே மருத்துவமனைக்கு வர வேண்டும். 108ஐ அழையுங்கள். கட்டியைக் கரைக்கும் ஊசியைப் பெரும்பாலும் நாலரை மணி நேரத்துக்குள் போட வேண்டும். தொடங்கிய நேரத்தை எழுதி வையுங்கள்.

இரத்த அழுத்தத்தையும் சர்க்கரையையும் பாருங்கள். 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் இவற்றுக்கான மாத்திரைகள் வீட்டுக்கே வருகின்றன. வாங்கி வைத்தால் போதாது, சாப்பிட வேண்டும். புகையிலையை எந்த உருவத்திலும் விட்டுவிடுங்கள்.

நோயாளியின் குடும்பத்தாருக்குக் கேள்வி கேட்க உரிமை உண்டு. பள்ளிக்கூடம் போகாத அந்த அம்மாள் கேட்டது மருத்துவ உலகம் கேட்ட அதே கேள்வி. கேட்டவரை மருத்துவர் கடிந்துகொள்ளவில்லை. உட்காரவைத்துப் பதில் சொன்னார்.

பெண்கள் ஐக்கிய சங்கத்திலும் வாலிபர் கூட்டத்திலும் இந்தப் பாடத்தை வாசிக்கிறவர்கள் கீழ்க்கண்டவற்றைக் கலந்து பேசலாம்:

1. வலது கை தளர்ந்து, இடது கண் இருண்டால் எந்தப் பக்கத்துக் கழுத்தில் கோளாறு? ஏன்?
2. குடை நிறைந்திருக்கிறது என்று தெரிந்தால் ஏன் உடனே மடக்கக் கூடாது?
3. உறை ஸ்டென்டில் இடித்தபோது மருத்துவர் முதலில் யாரிடம் உதவி கேட்டார்?
4. நம் சபையில் தனியாக வாழும் முதியோருக்குச் சிறு பக்கவாதம் வந்தால் நேரத்தை எழுதிவைக்க யார் இருக்கிறார்கள்?

நாலாம் கேள்விக்குப் பதில் சொல்ல முடியாத சபைகள் பல. அடுத்த கூட்டத்துக்குள் ஒவ்வொரு தெருவுக்கும் ஒருவர் பெயரைக் குறித்துக்கொள்ளும்படி அன்பாய்க் கேட்டுக்கொள்கிறோம்.

நம் விவசாயி மூன்றாம் நாள் வீடு திரும்பினார். சென்ற மாதம் அவர் வீட்டுக்குப் போயிருந்தோம். மாத்திரை அட்டை காலண்டர் ஆணியில் தொங்கியது; சாப்பிட்ட நாட்களில் மருமகள் கோடு போட்டிருந்தார். பேரன் தொட்டிலில் கிடந்தான். அவனுக்குப் பக்கத்தில் ஒரு ரப்பர் பொம்மை. மருத்துவமனையில் கேட்டு வாங்கிவந்தாராம். வலது கையால் எடுத்து எங்களுக்கு ஒருமுறை அமுக்கிக் காட்டினார்.



ஊழியத்தில் உங்கள்,
மருத்துவமனைச் சிற்றாலய ஊழியர்கள்